பழைய ஸ்ப்ளெண்டருக்கு ஹெட் வேலை: இருக்கிற காசை எங்கே போடுவது?

என் அக்கா மகன் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கி வந்தான். வேலை பணகுடியில், வீடு பாளையங்கோட்டையில். ஆனி, ஆடியில் அந்த ரோட்டில் அடிக்கிற காற்றைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்குநேரி தாண்டியதுமே வண்டி டாப் கியரில் இழுக்க மறுத்தது. மூன்றாவதுக்கு இறக்கி, குனிந்து ஓட்டியிருக்கிறான். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு குப்பு நீலப் புகை வேறு.

"மாமா, ஹெட்டையே மாத்திரலாமா? பெரிய வால்வு, ரேஸ் கேம், ஸ்பிரிங் எல்லாம் செட்டா வருதாம்" என்றான்.

"கையில எவ்வளவுலே வச்சிருக்க?"

அவன் சொன்ன தொகை அந்த செட்டுக்கே பத்தாது. அன்று சாயந்திரம் அவனிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இன்ஜினைக் கழற்றியே பார்க்காதவருக்கும் புரிய வேண்டும் என்பதால் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்ப்ளெண்டரின் கொள்ளளவு 97.2 சிசி. பிஸ்டன் ஓடுகிற குழாயின் குறுக்களவு, அதாவது போர், 50 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 49.5 மி.மீ. பிஸ்டன் ஒரு தடவை இறங்கும்போது அந்த இடம் நிறையக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர வேண்டும். பிறகு இன்ஜின் அதை நெருக்கி, எரித்து, புகையை வெளியே தள்ளும். இத்தனைக்கும் வாசல் காக்கிறது, அந்தக் குழாயின் மேல் மூடி மாதிரி உட்காருகிற ஹெட். அதில் உள்ளே விடுகிற வால்வு ஒன்று, வெளியே விடுகிற வால்வு ஒன்று. அவற்றை அமுக்கித் திறப்பது கேமும் (ஒரு பக்கம் மூக்கு மாதிரி புடைத்த சுழல் தண்டு) ராக்கரும் (கேம் தள்ளுகிற நெம்புகோல்). இழுத்து மூடுவது ஸ்பிரிங். நேராக ஏறி இறங்கும்படி பிடித்துக்கொள்வது கைடு. மூடும்போது வால்வு போய் உட்காருகிற வளையம்தான் சீட்.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை மடையும் வாய்க்காலுமாகச் சொன்னால் சட்டென்று பிடிபடும். காற்று வருகிற வழி, அதாவது போர்ட், வாய்க்கால். வால்வு மடை. ஒரே ஒரு வித்தியாசம், வேகம். இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3000 தடவை திறந்து மூடும். நொடிக்கு 50 தடவை. அத்தனை தடவையும் சொட்டுக் காற்று கசியாமல் மூட வேண்டும்.

மூடுவதுதான் முதல் விஷயம். புதிதாக இன்ஜின் வேலை செய்ய வருகிறவர்கள் எல்லோரும் திறப்பதைப் பற்றியே யோசிக்கிறார்கள். பெரிய வால்வு, அகலமான போர்ட், அதிகம் தூக்குகிற கேம் என்று எல்லாமே திறக்கிற சமாச்சாரம். கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். ஃபுட் வால்வில் ஒரு இலைச்சருகு சிக்கினால் போதும், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் மாட்டினாலும் தண்ணீர் மேலே வராது. பழைய இன்ஜினில் காணாமல் போன இழுவையில் பெரும்பங்கு இப்படி மூடாத வால்விலும், பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங் தேய்ந்ததிலும்தான் போயிருக்கும். அதைத் திரும்ப எடுக்க ரேஸ் சாமான் வேண்டாம். நல்ல லேத்துக்காரர் போதும்.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வால்வும் சீட்டும் தொடுகிற முகம் பெரும்பாலான வண்டிகளில் 45 டிகிரி சாய்வு. தொடுகிற பட்டையின் அகலம் சின்ன இன்ஜின்களில் சுமார் 1 முதல் 1.5 மி.மீ. அவ்வளவு ஒல்லியான வளையத்துக்கு இரண்டு வேலை: காற்றை அடைப்பது, சூட்டைக் கடத்துவது. புகை வெளியேறும் பக்கத்து வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். மூடியிருக்கிற நேரத்தில்தான் அந்தச் சூடு சீட் வழியாக ஹெட்டுக்குப் போய் ஆறும். பட்டை ரொம்ப ஒல்லியானால் சூடு இறங்காமல் வால்வு கருகும். ரொம்ப அகலமானால் அழுத்தம் பரவி, கரித்தூள் இடையில் சிக்கி, கசியத் தொடங்கும். அதனால்தான் நல்ல லேத்துக்காரர் 45 டிகிரியில் மட்டும் வெட்டி நிறுத்தமாட்டார். மேலே 30, கீழே 60 என்று இன்னும் இரண்டு வெட்டு போட்டு, பட்டையை வேண்டிய அகலத்துக்கும் வேண்டிய இடத்துக்கும் கொண்டுவருவார். இந்த மூன்று வெட்டால் காற்றும் முட்டாமல் வளைந்து போகும். காசு கொடுத்து வாங்குகிற 'பெர்ஃபார்மன்ஸ்' இதில் இலவசமாகக் கிடைக்கிறது.

இங்கே வரிசை முக்கியம். முதலில் கைடு, அப்புறம் சீட். சீட் வெட்டுகிற கட்டரின் தண்டு கைடுக்குள் நின்றுதான் சுற்றும். கைடு தேய்ந்து ஆடினால், ஆடுகிற முளையில் கயிறு கட்டி வட்டம் போட்ட கதைதான். கைடை மாற்றாமல் சீட் மட்டும் வெட்டச் சொன்னால் கூலி மிச்சம் ஆனது போலத் தோன்றும். ஒரு மாதத்தில் திரும்ப வருவீர்கள்.

கைடு தேய்ந்ததா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கண்ணுக்கே ஆட்டம் தெரிந்தால் கைடின் ஆயுள் முடிந்தது. கூடவே தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி மாதிரி தட்டினால் வால்வும் போச்சு. வால்வுத் தலையின் ஓரமும் கவனிக்க வேண்டியது. சாய்வு முகத்துக்கு மேலே கொஞ்சம் தடிமன் இருக்கும். அது கத்தி மாதிரி மெலிந்துவிட்டால் அந்த ஓரம் சிவந்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். அந்த வால்வைக் கூச்சப்படாமல் தூக்கிப் போடுங்கள்.

நீலப் புகையும் ஒரு துப்பு. நின்றிருந்த வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு குப்பு வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுத் திரும்ப முறுக்கும்போது வந்தால், கைடின் மேல் மாட்டியிருக்கும் ரப்பர் ஆயில் சீலையும் கைடையும் சந்தேகப்படுங்கள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தால் ரிங், போர் பக்கம் வேலை. மருமகன் வண்டி முதல் ரகம். சீல் தேங்காய்ச் சில் விலைகூட இல்லை, ஆனால் அதை மாற்ற ஹெட்டைப் பிரிக்க வேண்டும். அதனால் ஹெட் ஒரு தடவை கையில் வந்தால் சீலைப் புதிதாகப் போடாமல் மூடாதீர்கள்.

வெட்டி முடித்த சீட்டில் வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் வைத்து உரசிப் பொருத்துவது கடைசி வேலை. இது வீட்டிலேயே செய்யக்கூடியது. ரப்பர் கப் வைத்த குச்சியை வால்வுத் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். அவ்வப்போது வால்வைத் தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கோடு விழும். பளபளப்பு போய், அறுபடாத ஒரு சாம்பல் வளையம் சுற்றி வந்தால் போதும். அதற்கு மேல் உரசினால் பட்டை அகலமாகிவிடும். பிறகு மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள். கைடுக்குள் மிஞ்சிய பேஸ்ட் அதே வேகத்தில் புதுக் கைடையும் தின்றுவிடும்.

சோதனை எளிது. வால்வு, ஸ்பிரிங், பிளக் எல்லாம் மாட்டி, போர்ட் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். சில நிமிடம் கழித்தும் உள் பக்கம் ஈரம் கசியாவிட்டால் சீட் பிடித்துவிட்டது. லேத்திலிருந்து ஹெட்டை வாங்கும்போதே அவர் முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ளமாட்டார்.

இப்போது எந்த ஹெட் என்ற கேள்வி. மூன்று வழி உண்டு: சொந்த ஹெட்டையே செப்பனிடுவது, மார்க்கெட்டில் புது ஹெட் வாங்குவது, பழைய ஹெட் தேடுவது. மூன்றாவதை நான் யாருக்கும் சொல்வதில்லை, காரணம் சொந்த அனுபவம். பல வருடம் முன்னால் என் பழைய புல்லட்டுக்கு ஒரு காயலான் கடையில் ஹெட் எடுத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. கைடு போட்டு, சீட் வெட்டி, வால்வு வாங்கி, எல்லாம் முடித்து ஓட்டினால் காலையில் முதல் உதையிலேயே பிடிக்கும், பத்து கிலோமீட்டர் ஓடியதும் மூச்சு வாங்கும். கழற்றிப் பார்த்தால் பிளக் துளைக்கும் சீட்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல். ஆறியிருக்கும்போது மூடிக்கொள்ளும், சூடானால் வாய் திறக்கும். செய்த கூலி மொத்தமும் போச்சு. அன்று ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார்: கரியைச் சுரண்டிய ஹெட்டில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, தூளின் மேல் கோடு போட்டுக் காட்டும். லேத்துக்கு ஒரு பைசா கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. நான் பின்னால் கற்றுக்கொண்டேன்.

ஆகவே விரிசல் இல்லை, பிளக் மரை சரியாக இருக்கிறது, கேம் உட்காருகிற இடம் ஆடவில்லை, கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் வைக்கிற தகடு) உட்காருகிற முகம் கோணவில்லை என்றால் சொந்த ஹெட்தான் நல்ல ஹெட். கோணலைப் பார்க்க நேரான ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஃபேசிங், அதாவது முகத்தைச் சீவி நேராக்குவது, தேவை. புது ஹெட் வாங்கியே ஆக வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். மண்ணெண்ணெய்ச் சோதனை அதற்கும் உண்டு. இன்னொன்று, இந்த 97.2 சிசி குடும்பம் 1985-இல் வந்த சிடி 100 காலத்திலிருந்து ஓடுகிறது. ஸ்ப்ளெண்டர் வந்தது 1994-இல். பார்க்க ஒன்று போலவே இருக்கிற ஹெட்டும் கேமும் மாடலுக்கு மாடல் சின்னச் சின்னதாக மாறியிருக்கின்றன. பழைய சாமானைக் கையில் கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே உத்தமம்.

பெரிய வால்வு, பெரிய போர்ட் ஆசைக்கு வருவோம். பாளையங்கால்வாயில் தண்ணீர் குறுகலான இடத்தில் விரைந்து ஓடும், அகன்ற இடத்தில் சோம்பி நிற்கும், வண்டலும் அங்கேதான் படியும். போர்ட்டைக் குடைந்து அகலமாக்கினால் நடப்பதும் அதுவே. குறைந்த சுற்றில் காற்றின் வேகம் விழுந்து, பெட்ரோல் துளிகள் காற்றோடு கலக்காமல் சுவரில் படியும். உச்ச வேகத்தில் கொஞ்சம் லாபம் வரலாம், ஆனால் எதிர்காற்றில் மூன்றாவது கியரில் போகிறவனுக்கு நஷ்டம். கேஸ்கெட் ஓரம் போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுங்கள், வார்ப்பில் பிசிறு இருந்தால் தேயுங்கள். அத்தோடு அரத்தைக் கீழே வையுங்கள்.

வால்வு எவ்வளவு தூக்கினால் போதும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வால்வின் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கு தூக்கினால், அதைச் சுற்றிக் கிடைக்கிற இடைவெளியின் பரப்பு வால்வு வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிவிடும். 24 மி.மீ. வால்வு என்று வைத்துக்கொண்டால் 6 மி.மீ. அதற்கு மேல் தூக்குவதில் வரவு குறைந்துகொண்டே போகும், தேய்மானம் கூடிக்கொண்டே போகும். ரேஸ் கேம் தூக்குவதோடு நிற்காது, அதிக நேரம் திறந்தும் வைக்கும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருந்தால் குறைந்த சுற்றில் உள்ளே வந்த காற்றே திரும்பிப் போகும். வண்டி ஐடிலில் நிற்காது, இழுவை மேல் சுற்றுக்கு ஓடிவிடும். அங்கே போக இந்த இன்ஜினுக்குக் கார்புரேட்டரும் வேறு, சைலன்சரும் வேறு வேண்டும். ஒன்றை மாற்றினால் நாலை மாற்ற வைக்கிற பொருள் ஏழைக்கு ஆகாது.

கம்பெனிக் கேமையே வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூக்கில் குழி விழுந்திருந்தால் அதே அளவில் புதிது. அப்போது ராக்கரையும் பாருங்கள். கேமைத் தொடுகிற முகத்தில் பள்ளமோ உரிதலோ இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், தேய்ந்த ராக்கர் புதுக் கேமை அரித்துவிடும். குழி விழுந்த காரணம் பெரும்பாலும் ஆயில் மேலே ஏறாததுதான். ஆயில் வழியில் கம்பிவிட்டு ஊதிச் சுத்தம் செய்யாமல் புதுக் கேம் போட்டால் பழைய கதை திரும்பும்.

ஸ்பிரிங்குக்கு ரெண்டு வரி போதும். கழற்றி நீளத்தை அளங்கள், கையேட்டில் சொன்னதைவிடக் குட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் வேகம் வராது, கேம்தான் தேயும்.

அடுத்து ஹெட்டைச் செதுக்கி அழுத்தம் கூட்டுவது. 'அரை மில்லிமீட்டர் எடுத்தா பறக்கும்' என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அழுத்த விகிதம் 9-க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்சமிருக்கும் அறை 97.2-ஐ 8-ஆல் வகுத்தது, அதாவது 12.15 சிசி. 50 மி.மீ. வட்டத்தில் அரை மில்லிமீட்டர் சீவினால் ஏறக்குறைய 1 சிசி குறையும். அறை 11.2 ஆகும், விகிதம் 9.7-க்கு மேலே போய்விடும். சாதாரண பெட்ரோலில், இரண்டு பேர் உட்கார்ந்து பாபநாசம் மலை ஏறினால் பெட்ரோல் கண்டபடி எரிந்து அந்த இன்ஜின் டக்டக்கென்று தட்டத் தொடங்கலாம். கூடவே ஹெட் தாழ்ந்ததால் கேமைச் சுற்றுகிற டைமிங் செயின் தளர்ந்து, கேம் கொஞ்சம் பின்தங்கும். வால்வும் பிஸ்டனும் நெருங்கும். கோணலை நேராக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் சீவச் சொல்லுங்கள். ஏற்கெனவே நிறையச் சீவிய ஹெட் என்று சந்தேகம் வந்தால், இன்ஜின் கீழே இருக்கும்போது பிளக் துளை மேலே பார்க்கிற மாதிரி சாய்த்து, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, மருந்துக்கடை ஊசிக்குழாயால் ஆயிலை அளந்து நிரப்புங்கள். பிளக் மரை நிற்கிற இடத்தைக் கழித்தால் அறையின் அளவு கிடைக்கும். வால்வும் பிஸ்டனும் இடிக்குமா என்று பார்க்க, பிள்ளைகள் விளையாடுகிற கலர்க் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, ஹெட்டை மாட்டிக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினால் போதும். எவ்வளவு நசுங்காமல் மிஞ்சியதோ அதுதான் இடைவெளி.

போரைப் பெரிதாக்கிக் கொள்ளளவையே கூட்டுகிற யோசனையும் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

ஆக, கையில் பத்து ரூபாய் இருந்தால் என் கணக்கு இது: ஆறு ரூபாய் லேத்துக்கு, கைடுக்கும் சீட்டுக்கும். மூன்று ரூபாய் வால்வு, சீல், கேஸ்கெட்டுக்கு. மிச்சம் ஒரு ரூபாய் புது ஆயிலுக்கு. கேம், ராக்கர், ஸ்பிரிங் எல்லாம் அளந்து பார்த்துத் தேறாவிட்டால் மட்டும். பளபள பெட்டியில் வருகிற எதற்கும் இந்தப் பத்து ரூபாயில் இடமில்லை.

மாட்டும்போது ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, மூன்று நான்கு தவணையில் இறுக்குங்கள். கடைசி வேலை டேப்பட். ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் இடையில் விடுகிற இந்தச் சந்து வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டைப் பாருங்கள். நூறு சிசி வண்டிகளில் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்ஜின் ஆறியிருக்கும்போது வைக்க வேண்டும். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 இதற்கு விலக்கு. அதில் சந்தே கிடையாது, ராக்கரைத் தள்ளுகிற புஷ் ராடு விரலால் சுற்றினால் சுற்றுகிற அளவுக்கு வைத்தால் சரி, சூடானதும் இன்ஜின் நீண்டு இடைவெளி தானாக வரும். ஸ்ப்ளெண்டரில் சத்தம் வரக்கூடாது என்று டேப்பட்டை இறுக்கிவைப்பதுதான் புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு. சூட்டில் வால்வுத் தண்டு நீளும், சந்து காணாமல் போகும், வால்வு சீட்டில் முழுதாக உட்காராது, சூடு இறங்க வழியில்லாமல் கருகும். இத்தனை காசு போட்டு வெட்டிய சீட் ஒரு வாரத்தில் வீண்.

மருமகன் வண்டியில் சொந்த ஹெட்டையே வைத்துக்கொண்டோம். கைடு இரண்டு, வால்வு இரண்டு, சீல், ஒரு ராக்கர். கேம் பழையதுதான். இந்த ஆடியிலும் மூன்றாவது கியருக்கு இறங்கத்தான் செய்கிறான், ஆனால் நாங்குநேரியில் இல்லை, வள்ளியூர் தாண்டித்தான். போன வாரம் போன் செய்தான்.

"மாமா, புகை சுத்தமா நின்னுட்டு. ஆனா டேப்பட் லேசாச் சத்தம் போடுது."

"போடட்டும்லே" என்றேன்.